விவாதத்துக்குத் தயாராவதும் பதவிக்குத் தயாராவதும் ஒன்றா?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஒருவர் விவாதத்துக்கு முன்னால் நாள்கணக்கில் அறைக்குள் அடைந்து ஒத்திகை பார்க்கிறார். இன்னொருவர் ஒத்திகை எதுவும் வேண்டாம் என்று பிரசாரக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த இருவரில் முதலாமவர்தான் பதவிக்குத் தயாரானவர் என்று எடுத்துக்கொள்ளலாமா? கேள்வியை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேடையில் நாம் பார்க்கும் 90 நிமிடம் ஒருவருடைய ஆட்சித் திறனைக் காட்டுமா என்பது ஒன்று. அந்த 90 நிமிடத்துக்காக அவர் உழைத்த விதம் அதைக் காட்டுமா என்பது இன்னொன்று. விவாதம் முடிந்த இரவு தொலைக்காட்சியில் எல்லாரும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள். நீங்கள் கேட்பது இரண்டாவதை. அது கடினமானது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரி விவாத அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இடையிடையே அமெரிக்காவில் பள்ளி வாரியம், நகர மன்றம், மாநிலச் சட்டமன்றம் ஆகிய பதவிகளுக்கு நின்ற சிலருக்கு ஒத்திகை அறையில் எதிராளியாக நின்றிருக்கிறேன். அதிபர் வேட்பாளர்களின் ஒத்திகை அறைக்குள் நான் போனதில்லை. அவர்களைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் பதிவில் உள்ளவை, உடனிருந்தவர்கள் பின்னாளில் சொன்னவை. சின்ன அறைகளில் நான் கண்ணால் பார்த்தவற்றைத் தனியாகச் சொல்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். விவாத ஒத்திகை ஒருவருடைய தயார்நிலையைக் காட்டாது. அவருடைய பழக்கத்தைக் காட்டும். தாள்களை எப்படிப் படிக்கிறார், தவறைச் சுட்டிக்காட்டினால் எப்படி எடுத்துக்கொள்கிறார், யாரை எதிர்த்துப் பேச விடுகிறார், அலுப்பூட்டும் வேலையை என்ன செய்கிறார் என்பதெல்லாம் அந்த அறையில் வெளிப்படும். அந்தப் பழக்கங்கள் பெரும்பாலும் அவரோடு வெள்ளை மாளிகைக்குள்ளும் போகின்றன. அவை அங்கே உதவுமா, கெடுக்குமா என்பதை ஒத்திகை சொல்லாது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். முதலில் ஒரு தடித்த குறிப்புக் கோப்பு வரும். வரி, குடியேற்றம், வெளியுறவு என்று தலைப்புக்கு இரண்டு மூன்று பக்கம். அதில் நம் நிலைப்பாடு, எதிராளியின் பழைய பேச்சு, அவர் எங்கே அடிப்பார், நாம் எங்கே திருப்பி அடிக்கலாம் என்றெல்லாம் இருக்கும். அதை வேட்பாளர் படித்து முடித்ததும் உதவியாளர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பிறகு முழு மாதிரி விவாதம். மேடை, விளக்கு, கேமரா, கடிகாரம் எல்லாம் அசல் அளவில் இருக்கும், முடிந்தால் அசல் விவாதம் நடக்கும் அதே இரவு நேரத்தில் நடக்கும். எதிராளியாக நிற்பவர் வாரக்கணக்கில் அவருடைய பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்து, அவர் குரலிலேயே, அவர் சொல்லக்கூடிய பொய்யையும் சேர்த்தே பேசுவார். 1980இல் ரொனால்ட் ரேகனுக்கு வர்ஜீனியாவில் ஒரு வீட்டின் கார் கொட்டகையையே மேடையாக மாற்றினார்கள். ஜிம்மி கார்ட்டராக நின்றவர் டேவிட் ஸ்டாக்மன், பிறகு ரேகன் அரசின் பட்ஜெட் இயக்குநரானவர். 2012இல் பராக் ஒபாமாவுக்கு எதிரே மிட் ராம்னியாக நின்ற ஜான் கெர்ரி அடுத்த ஆண்டு வெளியுறவு அமைச்சரானார். 2016இல் ஹிலரி கிளின்டனுக்கு டொனால்ட் ட்ரம்ப்பாக நின்ற பிலிப் ரைன்ஸ், 2024இல் கமலா ஹாரிஸுக்காகவும் அதே வேடம் போட்டார். வேலை அவ்வளவு மும்முரமானது. கார்ட்டரின் குறிப்புக் கோப்பு 1980இல் ரேகன் தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது 1983இல் வெளியே தெரிந்தபோது நாடாளுமன்றக் கீழவைக் குழு ஒன்று விசாரணையே நடத்தியது.

இவ்வளவும் எதற்கு? பதிலை இரண்டு நிமிடத்துக்குள் அடக்கி, தனக்குப் பாதகமானதைத் தாண்டி, சாதகமான இடத்தில் போய் நிற்பதற்கு. என் மாணவர்களுக்கு நான் முதல் மாதத்தில் கற்றுக்கொடுப்பதே இந்தத் தாண்டலைத்தான். கேள்வியின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள், அதிலிருந்து உன் பேச்சுக்குப் போய்விடு. நல்ல விவாதக்காரர் இதை நம் கண்ணுக்குத் தெரியாமல் செய்வார். அதிபர் பதவியிலோ இதற்கு நேர் எதிரான ஒன்று வேண்டும். தனக்குப் பாதகமான கேள்வியின் முன்னால் தாண்டிப் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நன்றாக ஒத்திகை பார்த்தவர்களை ஆட்சிக்கும் ஏற்றவர்கள் என்று நான் சட்டென்று சொல்லத் தயங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

தயார்நிலை பற்றிய கேள்வியே மனப்பாடப் பதிலில் மாட்டிக்கொண்ட ஒரு இரவு உண்டு. 1988 அக்டோபர் 5, ஓமஹா நகரம், துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதம். 41 வயது டான் குவேலிடம், அதிபருக்கு ஏதாவது ஆகி நீங்கள் பொறுப்பேற்க நேர்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பிரார்த்தனை செய்வேன் என்று தொடங்கிவிட்டுத் தன் தகுதிகளை வரிசையாகச் சொன்னார். திரும்பக் கேட்டார்கள், அதே வரிசை வந்தது. மூன்றாம் முறை பத்திரிகையாளர் டாம் புரோக்கா கேட்டபோது, ஜான் கென்னடி அதிபர் தேர்தலில் நின்றபோது அவருக்கு இருந்த அளவு நாடாளுமன்ற அனுபவம் தனக்கும் உண்டு என்றார். அதற்கு எதிராளி லாய்டு பென்ட்சன், கென்னடியைத் தனக்குத் தெரியும், அவர் தன் நண்பர், நீங்கள் கென்னடி இல்லை என்று கொடுத்த அடி இன்றுவரை பேசப்படுகிறது. குவேல் கென்னடியோடு தன்னை ஒப்பிட்டுப் பேசி வருவது பென்ட்சன் தரப்புக்கு முன்பே தெரியும். டென்னிஸ் எக்கார்ட் என்ற கீழவை உறுப்பினரைக் குவேலாக நிறுத்தி அவர்கள் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆக அந்தப் புகழ்பெற்ற தருணத்தின் இரு பக்கத்திலும் ஒத்திகை இருந்தது. ஒருவர் ஒத்திகையில் கற்றதை விட்டு வெளியே வர முடியாமல் தவித்தார், மற்றவர் ஒத்திகையில் கூர்தீட்டியதை வீசினார். பொறுப்பு திடீரென்று தலையில் விழுந்தால் குவேல் என்ன செய்வார் என்பதற்கு அந்த இரவு பதிலே கிடைக்கவில்லை. விவாதத்தில் தோற்றவர் என்று எல்லாரும் சொன்ன அவர் தேர்தலில் வென்று நான்கு ஆண்டு துணை அதிபராகவும் இருந்தார்.

நான்கு ஆண்டு கழித்து இதற்கு மறுகோடி. 1992 அக்டோபர் 13, அட்லாண்டா. சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நின்ற ராஸ் பெரோவின் துணை அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். விவாதத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்றே அவருக்கு ஒரு வாரம் முன்னால்தான் தெரியும். ஒத்திகை என்று சொல்லத் தக்க எதுவும் இல்லை. நான் யார், எதற்காக இங்கே வந்திருக்கிறேன் என்று தத்துவக்காரரின் கேள்வியோடு தொடங்கினார், அரங்கம் சிரித்தது. பிறகு காது கேட்கும் கருவியை அணைத்து வைத்திருந்ததால் ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். அதோடு அவர் பெயர் நாடு முழுக்கக் கேலிக்குரியதாகிவிட்டது. அந்த மனிதர் 1965இல் வியட்நாமில் விமானம் வீழ்த்தப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தவர். தன்னைப் பிரசாரப் படத்தில் காட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தன் முகத்தைத் தானே முக்காலியால் அடித்துச் சிதைத்துக்கொண்டவர். சிறையில் மற்ற அமெரிக்கக் கைதிகளை ஒரு கட்டுக்குள் வைத்து நடத்தியவர். நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பெற்றவர். அவர் நல்ல துணை அதிபராக இருந்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த வேலையின் பல பகுதிகள் அவருக்குப் பழக்கமில்லாதவை. ஆனால் நெருக்கடியில் நிலைகுலையாத மனிதர் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று அந்த மேடையில் யாரிடமும் இல்லை. அதை அந்த 90 நிமிடம் துளியும் காட்டவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஏற்கெனவே பதவியில் இருக்கும் அதிபர்களைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான வெளிச்சம் கிடைக்கிறது. அவர்கள் வேலைக்குத் தயாரா என்ற கேள்வியே எழாது, வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அப்படியும் அவர்களில் பலர் முதல் விவாதத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 1984 அக்டோபர் 7, லூயிவில் நகரில் ரேகன் புள்ளிவிவரங்களுக்குள் சிக்கி, வாக்கியங்களை முடிக்க முடியாமல் திணறினார். அவருக்கு 73 வயது, வயதாகிவிட்டதோ என்று பத்திரிகைகள் வெளிப்படையாகவே கேட்டன. அவருடைய நெருங்கிய நண்பரான செனட்டர் பால் லாக்சால்ட், குறிப்புகளைத் திணித்துத் திணித்து அவரை வதைத்துவிட்டார்கள் என்று உதவியாளர்களைச் சாடினார். இரண்டாம் விவாதத்துக்குத் திணிப்பைக் குறைத்தார்கள். கன்சாஸ் சிட்டியில், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று அவர் சொன்னபோது எதிராளி வால்டர் மான்டேலே சிரித்துவிட்டார். அத்தோடு வயதுப் பேச்சு அடங்கியது. 49 மாநிலங்களில் வென்றார்.

கதை அங்கே முடியவில்லை. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சிப் படைக்குத் திருப்பிவிட்டதுதான் ஈரான்-கான்ட்ரா விவகாரம். 1987 பிப்ரவரியில் அதை ஆராய்ந்த டவர் ஆணையம், தன் ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அதிபர் கூர்ந்து கவனிக்கவில்லை, விவரங்களிலிருந்து விலகியே இருந்தார் என்று குறை சொன்னது. லூயிவில் ஒத்திகையில் விவரங்கள் ஒட்டாத அதே ரேகன்தான் அது. ஆனால் அதே 1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கார்பச்சேவுடன் ஒரு வகை ஏவுகணைகளையே முழுதாக ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். விவரத்தில் நிற்காத, திசையில் மட்டும் பிடிவாதமாக நிற்கும் பழக்கம் ஒரு இடத்தில் ஊழியர்களைக் கட்டுமீற விட்டது, இன்னொரு இடத்தில் வல்லுநர்கள் நடக்காது என்றதை நடத்திக் காட்டியது. ஒத்திகை அறை 1984இலேயே பழக்கத்தைக் காட்டிவிட்டது. பலன் இரண்டு விதமாக வரும் என்பதை அங்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஒபாமாவின் 2012 இன்னும் தெளிவானது. நெவாடாவின் ஹெண்டர்சன் நகரில் ஒத்திகைக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்தபோது, தன்னை வீட்டுப்பாடம் செய்யவைக்கிறார்கள் என்று தொலைபேசியில் ஒரு தொண்டரிடம் அலுத்துக்கொண்டார். நடுவே ஹூவர் அணையைப் பார்க்கப் போய்வந்தார். அக்டோபர் 3 அன்று டென்வரில் ராம்னி உற்சாகமாகப் பேச, இவர் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டே இருந்தார். தோல்வி என்பதில் அவர் கட்சிக்காரர்களுக்கே சந்தேகமில்லை. இதே மனிதர் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 2011 ஏப்ரல் இறுதியில், பின்லேடன் ஒளிந்திருக்கும் வீடு என்று உறுதியாகத் தெரியாத ஒரு வீட்டின் மேல் படையை அனுப்பலாமா என்று ஆலோசகர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். துணை அதிபர் உட்படச் சிலர் தயங்கினார்கள். மறுநாள் காலை அனுப்பச் சொன்னார். அதற்கடுத்த நாள் இரவு பத்திரிகையாளர் விருந்தில் முகத்தில் எதையும் காட்டாமல் நகைச்சுவையாகப் பேசினார். அதற்கும் மறுநாள்தான் தாக்குதல். இந்த மனிதரைப் பதவிக்குத் தயாராகாதவர் என்று டென்வரைப் பார்த்து யாராவது முடிவு கட்டினால் அது பிழை. டென்வர் காட்டியது, அற்பமானது என்று தான் நினைத்த வேலையை அவர் எப்படிச் செய்வார் என்பதை. எனக்கு டென்வரைவிட அதற்குப் பின் வந்த நாட்கள்தான் முக்கியம். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் திரும்ப ஒத்திகை. அங்கேயும் ஒரு இரவு சொதப்பினார். உதவியாளர்கள் அவரை உட்காரவைத்து முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அக்டோபர் 16 விவாதத்தில் வேறு ஆளாக வந்தார். ஒரு அதிபரிடம் போய் நீங்கள் மோசமாகச் செய்தீர்கள் என்று சொல்ல ஆள் இருந்ததும், சொன்னவர் வேலையில் நீடித்ததும் பதவிக்கு நேரடியாகத் தேவையான குணங்கள்.

இங்கேதான் என் சின்ன அறைகளில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பள்ளி வாரியத்துக்கு நின்ற ஒரு அம்மையார், தொழிலால் கணக்காளர். முதல் ஒத்திகையில் நான் பள்ளிப் பேருந்து ஒப்பந்தம் பற்றிக் கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாது என்றார். மேடையில் அப்படிச் சொல்லக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவர் பதறினார். மூன்று நாள் கழித்து அடுத்த ஒத்திகைக்கு வந்தபோது அவர் கையில் அந்த ஒப்பந்தத்தின் நகல் இருந்தது. ஓரங்களில் பென்சில் குறிப்புகள், மஞ்சள் ஒட்டுத்தாள்கள். எரிபொருள் விலை ஏறினால் கூடுதல் தொகையை யார் கட்டுவது என்ற பத்தியை என்னிடம் காட்டி, இது நமக்குப் பாதகம், இதைப் பற்றி யாருமே பேசவில்லையே என்றார். விவாத இரவில் பேருந்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது, குரல்கூட ஒரே சீராக, ஏற்ற இறக்கமில்லாமல். பார்த்தவர்களிடம் கேட்டிருந்தால் எதிராளிதான் வென்றார் என்றிருப்பார்கள்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்ற இன்னொருவர் என் இருபது ஆண்டில் நான் பார்த்த மிகச் சிறந்த மேடைப் பேச்சாளர்களில் ஒருவர். எதையும் ஒரு முறை சொன்னால் போதும், அதைவிட அழகாகத் திருப்பிச் சொல்வார். ஆனால் அவர் பதிலில் ஒரு எண் தவறு என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் பார்வை என் பக்கம் வராது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் உதவியாளர் பக்கம் திரும்பும், இதை எழுதியது யார் என்று கேட்பார். நான்காம் ஒத்திகையில் அந்த அறையில் யாரும் எதையும் திருத்தவில்லை. நானும் ஒரு இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன், இன்றும் அதற்காக வருந்துகிறேன். அவர் மேடையில் ஜொலித்தார், தேர்தலிலும் வென்றார். அந்தப் பள்ளி வாரியத்து அம்மையாரும் சொற்ப வாக்குகளில் வென்றுவிட்டார். இருவரில் யாரிடம் என் பணத்தை நம்பிக் கொடுப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேரை வைத்து ஒரு விதி சொல்ல முடியாது, பள்ளி வாரியம் வெள்ளை மாளிகையும் ஆகாது. இதை ஒரு பயிற்சியாளரின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் மனதில் வைத்துக் கேட்டிருக்கக்கூடிய தேர்தலுக்கு வருகிறேன். 2016 செப்டம்பர் 26, ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகம். தான் ஊர் ஊராகப் போய் மக்களைச் சந்தித்ததாகவும் கிளின்டன் வீட்டிலேயே இருந்ததாகவும் ட்ரம்ப் குத்திக்காட்டினார். ஆமாம், இந்த விவாதத்துக்குத் தயாராகத்தான் இருந்தேன், அதிபராக இருக்கவும் தயாராகியிருக்கிறேன், அது நல்ல விஷயம் என்று கிளின்டன் திருப்பிச் சொன்னார். அரங்கில் கைதட்டல். விவாதத்துக்குத் தயாராவதையும் பதவிக்குத் தயாராவதையும் ஒரே மூச்சில் இணைத்த வாக்கியம் அது. பயிற்சியாளனாக எனக்கு அது பிடித்த பதில்தான். ஆனாலும் அந்த இணைப்பில் பாதிதான் உண்மை. ஒத்திகை காட்டியது, அவர் கோப்புகளை விடாமல் படிப்பவர் என்பதை. அது அவரை அறிந்த எவருக்கும் முன்பே தெரியும். ட்ரம்ப் முறையான மாதிரி விவாதங்களைத் தவிர்த்தது, தாளைவிடத் தன் உள்ளுணர்வையும் கூட்டத்தின் எதிர்வினையையும் நம்புபவர் என்பதைக் காட்டியது. பதவிக்கு வந்த பிறகும் நீண்ட குறிப்புகளைப் படிப்பதைவிட வாய்மொழியாகக் கேட்பதையே விரும்பினார் என்ற செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. பழக்கம் அப்படியே தொடர்ந்தது. அது பதவிக்குக் கேடு என்று ஒரு பாதி நாடும், அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று மறு பாதியும் சொல்லும். அந்த வழக்கில் ஒத்திகை யார் பக்கமும் சாட்சி சொல்லாது.

ஒத்திகையின் அளவும் எதையும் நிரூபிக்காது என்பதற்கு 2024 ஜூன் போதும். ஜோ பைடன் ஏறக்குறைய ஒரு வாரம் கேம்ப் டேவிட்டில் தங்கித் தயாரானார். அனுபவம் மிக்கவர்கள் சுற்றி இருந்தார்கள். ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் குரல் கம்மி, வாக்கியங்கள் நடுவில் அறுந்து போயின. ஜூலை 21 அன்று போட்டியிலிருந்தே விலகினார். இந்த ஒரு விஷயத்தில் விவாத மேடைக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். எழுதிவைத்த தாளும் திரையும் இல்லாமல் 90 நிமிடம் நின்று பேசும்போது உடலின் நிலையை மறைக்க முடியாது. ஆனால் களைத்த உடலும் பழுதான தீர்ப்பும் ஒன்றா என்பதை மேடை சொல்லாது. அன்றிரவு பலர் அந்த இரண்டையும் ஒன்றாகவே பேசினார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துவிடுகிறேன். விவாதத்தில் வென்றவர் என்று கருத்துக்கணிப்புகள் சொன்னவர் தேர்தலில் தோற்கலாம் என்பது உறுதி. 2004இல் கெர்ரி, 2016இல் கிளின்டன், 2024இல் ஹாரிஸ். மேடையில் சொன்ன கொள்கை பதவியில் தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதும் உறுதி. 2000 அக்டோபர் 11 விவாதத்தில், பிற நாடுகளைக் கட்டி எழுப்பும் வேலைக்கு நம் படையைப் பயன்படுத்தக் கூடாது என்றார் ஜார்ஜ் புஷ். அவர் காலத்தில்தான் ஆப்கானிஸ்தானும் இராக்கும். அவர் அன்று பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, இடையில் 2001 செப்டம்பர் 11 வந்துவிட்டது. சந்தேகத்துக்குரியவற்றில் முதலாவது, 1960 அதிபர் விவாதத்தை வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் வென்றதாகவும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி வென்றதாகவும் சொல்லப்படும் கதை. அது பெரும்பாலும் ஒரே ஒரு கருத்துக்கணிப்பையும் அதிலிருந்த மிகச் சிறிய வானொலி நேயர் எண்ணிக்கையையும் நம்பி நிற்கிறது, ஆய்வாளர்கள் அதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஒத்திகை அறையிலிருந்து கசியும் கதைகள். வென்ற பிறகு சொல்பவர் தன்னால்தான் வென்றோம் என்பார், தோற்ற பிறகு சொல்பவர் தான் எச்சரித்ததாகச் சொல்வார். நான் மேலே ரேகனைப் பற்றிச் சொன்ன லாக்சால்ட்டின் கருத்தையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். நண்பரின் தடுமாற்றத்துக்கு ஊழியர்களைக் குறை சொல்வது எளிது.

1960 பற்றிப் பேசினால் கியூபாவைச் சொல்லாமல் போக முடியாது. கியூபாவின் காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்க நாடு கடந்த கியூபர்களைப் பயன்படுத்தும் ரகசியத் திட்டத்துக்கு அதிபர் ஐசன்ஹோவர் 1960 மார்ச்சிலேயே ஒப்புதல் தந்திருந்தார். துணை அதிபர் நிக்சனுக்கு அது தெரியும். அக்டோபரில் கென்னடி தரப்பு அந்தக் கியூபர்களுக்கு உதவ வேண்டும் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. கடைசி விவாதத்தில் நிக்சன் அதைப் பொறுப்பற்ற யோசனை என்று எதிர்த்தார். ரகசியத்தைக் காக்கவே அப்படிப் பேசினேன் என்று பின்னாளில் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு, துணிச்சல்காரர் கென்னடி, தயங்குபவர் நிக்சன் என்று தோன்றியிருக்கும். 1961 ஏப்ரலில் கென்னடி அந்தத் திட்டத்தை நடத்தினார், பன்றிகள் விரிகுடாவில் அது சில நாட்களில் நொறுங்கியது. பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, ஆலோசகர்கள் தனக்குப் பயந்து கருத்தைச் சுருக்கிக்கொள்ளக் கூடாது என்று சில கூட்டங்களிலிருந்து வேண்டுமென்றே விலகியிருந்தார். அந்த 13 நாள் போரில்லாமல் முடிந்தது. 1961க்கும் 1962க்கும் இடையில் அவர் கற்றுக்கொண்டதுதான் தயார்நிலை. 1960இல் எந்த ஒத்திகை அறையிலும் அதைப் பார்த்திருக்க முடியாது, அது அப்போது இன்னும் அவரிடம் இல்லை.

அப்படியானால் வாக்காளர் எதைப் பார்ப்பது என்பது உங்கள் கேள்வியின் கடைசி வரி. விவாதங்களையே பார்ப்பதானால் நான் முதல் விவாதத்தைவிட இரண்டாவதைக் கவனிப்பேன். மேடையில் செய்த தவறை எத்தனை நாளில், எவ்வளவு நேராக ஒப்புக்கொள்கிறார் என்று பார்ப்பேன். 1976இல் அப்போதைய அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். கேள்வி கேட்ட நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் நம்ப முடியாமல் திரும்பக் கேட்டு, திருத்திக்கொள்ள வாய்ப்பே கொடுத்தார். 25 ஆண்டு நாடாளுமன்றத்தில் இருந்த ஃபோர்டுக்கு உண்மை தெரியாமல் இல்லை. அந்த மக்களின் மனதை ஆதிக்கம் செய்ய முடியாது என்று சொல்ல வந்தது வாயில் தடம் மாறிவிட்டது. ஆனால் அதைச் சரிசெய்ய அவருக்குப் பல நாட்கள் ஆயின. மேடையில் நாக்குப் புரண்டதைவிட அந்த நாட்கள்தான் எனக்குக் கவலை தருபவை.

விவாதத்தைவிட நல்ல சாளரம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது ஆட்சி மாற்றத்துக்கான தயாரிப்பு. நவம்பர் தொடக்கத்தில் தேர்தல், ஜனவரி 20 பதவியேற்பு. இடையில் சுமார் 75 நாள். அதற்குள் ஏறக்குறைய 4,000 அரசியல் நியமனங்களுக்கு ஆள் பார்க்க வேண்டும். அவற்றில் 1,200க்கு மேற்பட்டவற்றுக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். 2000இல் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கை வழக்கால் அந்த நாட்களில் பாதி கரைந்துபோனது. தேசியப் பாதுகாப்பு தொடர்பான முக்கியப் பதவிகள் நிரம்பத் தாமதமானதைச் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய விசாரணை ஆணையம் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. அதிலிருந்து கற்ற பாடங்களும் சேர்ந்து, 2010இல் ஒரு சட்டம் வந்தது. வெல்வார்களா என்று தெரியாத நிலையிலேயே வேட்பாளர்களின் ஆட்சி மாற்றக் குழுவுக்கு அரசு அலுவலக இடமும் வசதியும் கொடுக்க வேண்டும் என்றது. வேட்பாளர் இந்தக் குழுவை எப்போது தொடங்குகிறார், யாரைத் தலைவராக வைக்கிறார், அவரை மாற்றுகிறாரா என்பதெல்லாம் பொதுவில் தெரியும் செய்திகள். 2016இல் தேர்தல் முடிந்த மூன்றாம் நாளே ட்ரம்ப் தன் குழுத் தலைவர் கிறிஸ் கிறிஸ்டியை நீக்கிவிட்டு, துணை அதிபராகத் தேர்வாகியிருந்த மைக் பென்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தார். எதிர்த்தரப்பு அதைக் குழப்பம் என்றது. அவருடைய ஆதரவாளர்கள் பழைய ஆட்களிடமிருந்து விடுபடல் என்றார்கள். எப்படிப் படித்தாலும் அது மேடையில் பேசிய எந்த வாக்கியத்தைவிடவும் வரப்போகும் ஆட்சியைப் பற்றி அதிகம் சொன்ன செய்தி.

2010 சட்டத்தின் கீழ் முதலில் முழுதாகத் தயாரானது ராம்னியின் குழு. யூட்டா மாநில முன்னாள் ஆளுநர் மைக் லெவிட் தலைமையில், தேர்தலுக்குப் பல மாதம் முன்பே தொடங்கினார்கள். எந்தத் துறைக்கு யார், முதல் வாரத்தில் எந்த ஆணை, எந்தப் பதவியை முதலில் நிரப்புவது என்று சில நூறு பேர் வேலை செய்தார்கள். அக்டோபர் 3 அன்று டென்வரில் ராம்னி ஒபாமாவைத் திணறடித்த இரவிலும் வாஷிங்டனில் அந்த அலுவலகம் இயங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நவம்பர் 6 அன்று ராம்னி தோற்றார், சில நாட்களில் அலுவலகத்தைக் காலி செய்தார்கள். தாங்கள் செய்ததையெல்லாம், செய்த தவறுகளையும் சேர்த்து, 2013இல் ஒரு நூலாக அச்சிட்டு, அடுத்து வரும் குழுக்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.